டர்போ போட்ட காருக்கு எந்த ஹெட் கேஸ்கட்?

டர்போ பொருத்தித் தினமும் ஓட்டும் காரில், இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கட் காப்பரா, எம்எல்எஸ்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்எல்எஸ்தான். ஸ்டீல் தகடுகளை அடுக்கிச் செய்தது. டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தில் ஹெட் நூலளவு தூக்கினாலும், தகட்டிலுள்ள மேடு ஸ்பிரிங் போல எழும்பி அடைத்துக்கொள்ளும். காப்பருக்கு அந்த மீள்திறன் இல்லை, கூலன்ட் எளிதில் கசியும்.

ஆனால் ஹெட், பிளாக் இரண்டின் முகமும் 50 ஆர்ஏ (சராசரிச் சொரசொரப்பு) மைக்ரோ இஞ்சுக்குள் வழவழப்பாக இருக்க வேண்டும். நகத்தால் வருடிப் பாருங்கள். எங்காவது இடறினால் மறுபடி மெஷினிங்தான்.

கம்ப்ரெஷனைக் குறைக்கவென்று தடித்த கேஸ்கட் போடாதீர்கள். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி கூடினால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது, எளிதாக வரும். நல்ல கேஸ்கட்டையும் தின்பது பெரும்பாலும் அதுதான். கம்ப்ரெஷனை அதற்கேற்ற பிஸ்டன் போட்டுக் குறையுங்கள். கேஸ்கட் துளை சிலிண்டரைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். சிறிதாக இருந்தால், உள்ளே நீட்டிய விளிம்பு பழுக்கச் சூடேறி, ஸ்பார்க்குக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.