பள்ளிப் பிள்ளைகளிடையே உள்ள ஏற்றத்தாழ்வை ஆராய எந்தக் கேள்வித்தாள் சரியாக இருக்கும்?

சமூகப்பணி முதுகலைக்காக நெல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் மனநலத்தையும் ஏற்றத்தாழ்வையும் ஆராயப் போவதாகவும், எந்தக் கேள்வித்தாளை எடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வித்தாளை அப்புறம் பார்க்கலாம். முதல் வாரம் சாப்பாட்டு மணிக்குப் போய்ச் சும்மா உட்காருங்கள். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை எந்தத் தாளும் சொல்லாது.

முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தே கேள்விகள் கொண்ட மனநலத் தாளோடுதான் நானும் போனேன். கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தாயா, தூங்கி எழும்போது தெம்பாக இருந்ததா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு. ஆறாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் எல்லாவற்றிலும் 5-ஐச் சுழித்திருந்தார்கள். டீச்சர் பக்கத்தில் நின்றார். பிள்ளைகள் அதை மார்க் என்று நினைத்துவிட்டார்கள்.

வசதியை அளக்கவும் ஐரோப்பாவில் ஒரு தாள் உண்டு. கார், தனி அறை, பாத்திரம் கழுவும் மெஷின், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் கேட்பார்கள். பீடி சுற்றும் தெருவில் அதைக் கொடுத்தால் எல்லாப் பிள்ளையும் ஒரே அளவு ஏழைதான். ஆனால் ஒரே வீட்டுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. "நேத்து பெல் அடிச்சதுல இருந்து தூங்குற வரைக்கும் என்ன செஞ்ச?" என்று கேள்வியை மாற்றினேன். "விளக்கு வைக்குற வரைக்கும் அம்மா கூட பீடி மடக்குவேங்க்கா. அண்ணன் விளையாடப் போவான்" என்றாள் ஒரு பிள்ளை. அவளும் நூற்றுக்கு நூறு போட்டவள்தான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காலை உணவையும் கவனியுங்கள். 2022-இல் தொடங்கிய அரசுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கும்தான். நான் போன பள்ளியில் தம்பி சாப்பிட, ஆறாம் வகுப்பு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாதியை நேராகக் கேட்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. இந்த மண்ணில் அந்தக் கேள்வியே பிள்ளையைப் பயமுறுத்தும். ஊர்ப்படம் வரையச் சொல்லுங்கள். குளம், கோயில், பம்புசெட் எல்லாம் போட்ட ஒரு பையன் ஒரு தெருவை மட்டும் வெறுமையாக விட்டான். "அங்கன போவ மாட்டோம்க்கா." நான் அதற்கு மேல் கேட்கவில்லை. படங்களில் பெயர் எழுதாமல் எண் மட்டும் போடுங்கள்.

பெற்றோர் கையெழுத்து இருந்தாலும் பிள்ளையிடம் தனியாகச் சம்மதம் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்பம் எதையாவது ஒரு பிள்ளை சொன்னால், போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பக்கத்தில் யார் உதவுவார்கள் என்பதையும் முதல் நாளே குறித்துக்கொண்டு போங்கள்.