ரியாலிட்டி ஷோவில் ஜெயித்த ஆடை வடிவமைப்பாளர்கள் அப்புறம் என்ன ஆகிறார்கள்?

"டிவி போட்டியில் ஜெயித்தால் ஃபேஷன் துறையில் நிலைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பட்டம் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். கிறிஸ்டியன் சிரியானோவைப் பாருங்கள். அமெரிக்காவின் 'பிராஜெக்ட் ரன்வே' என்ற ஆடை வடிவமைப்புப் போட்டி நிகழ்ச்சியின் நான்காவது சீசனில் 2008-ல் வென்றபோது அவருக்கு வயது 22. பரிசு 1 லட்சம் டாலர்.

பெரிய தொகைதான். ஆனால் துணி, தையல்காரர் சம்பளம், நியூயார்க்கில் ஒரு ஷோ என்று இறங்கினால் எத்தனை நாள் தாங்கும்? அவர் சாமர்த்தியமாக, பேலெஸ் என்ற மலிவு விலைச் செருப்புக் கடைகளுக்கும் வடிவமைத்துக் கொடுத்தார். பெயர் சாதாரண மக்களிடமும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது வேறு. 2016-ல் நடிகை லெஸ்லி ஜோன்ஸ், தன் பட வெளியீட்டு விழாவுக்கு உடை தர எந்த வடிவமைப்பாளரும் முன்வரவில்லை என்று ட்விட்டரில் எழுதினார். சிரியானோ உடனே கை உயர்த்தினார். தோள் தெரியும் சிவப்பு கவுனில் லெஸ்லி வந்து நின்றதை உலகமே பார்த்தது. எல்லா உடல்வாகுக்கும் தைப்பவர் என்ற நம்பிக்கை அப்படித்தான் ஊன்றியது.

2019 ஆஸ்கரில் நடிகர் பில்லி போர்ட்டர் அணிந்ததும் சிரியானோ தைத்ததே: இடுப்புக்கு மேலே கறுப்பு டக்ஸீடோ கோட்டு, போ டை, கீழே தரையைப் பெருக்கும் வெல்வெட் பாவாடை. அதே ஆண்டு, தான் ஜெயித்த நிகழ்ச்சிக்கே வழிகாட்டியாகத் திரும்பினார்.