அமெரிக்காவின் சிறு ஊர் ராக் எஃப்.எம். நிலையம் ஒன்றின் வரலாற்றை எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து தொடங்காதீர்கள், உரிமத்திலிருந்து தொடங்குங்கள். கே, டபிள்யூ என்று தொடங்கும் அழைப்புக்குறி நிலையம் கைமாறும்போது பல சமயம் மாறிவிடும். கைவிட்ட குறியை வேறு ஊர் நிலையம் எடுத்துக்கொள்ளும். அதை நம்பித் தேடினால் இரண்டு நிலையங்களின் கதை ஒன்றாகக் குழம்பிப்போகும். வானொலி உரிமம் தரும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்.சி.சி. தந்த நிலைய எண் மட்டும் மாறாது. ஏறத்தாழ 1980 வரைக்குமான 'ஹிஸ்டரி கார்டு'களை எஃப்.சி.சி. தளத்திலேயே பார்க்கலாம். உரிமம் கிடைத்த நாள், வாட் அளவு, ஆன்டெனா உயரம், உரிமையாளர் மாற்றம் எல்லாம் அதில் இருக்கும்.

என்ன பாட்டுப் போட்டார்கள் என்பது மட்டும் இருக்காது. அதற்கு நிலையங்களின் விவரம் தரும் ஆண்டுக் கையேடான 'பிராட்காஸ்டிங் இயர்புக்' தொகுதிகளை ஆண்டுவாரியாகப் புரட்டுங்கள். 'ஏ.ஓ.ஆர்.' என்றிருந்தால் ஆல்பம் ராக், அதாவது ஹிட் பாட்டுகளோடு நிற்காமல் ராக் ஆல்பங்களிலிருந்து பாட்டுப் போட்ட நிலையம்.

"1967லேயே ராக் போட்டோம்" என்று ஊரில் யாராவது சொன்னால் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். ஏ.எம். நிகழ்ச்சியையே எஃப்.எம்.மிலும் நாள் முழுக்க ஓட்டக் கூடாது என்ற விதி அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது, ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரங்களுக்கு மட்டும். சிறு ஊர் எஃப்.எம்.முக்கு அந்தக் கட்டாயமே இல்லை, ஏ.எம். நிகழ்ச்சியையே தொடர்ந்து ஓட்டியிருக்கலாம். 1996க்குப் பிறகான உரிமை மாற்றங்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு அந்த ஆண்டுச் சட்டத்தில்தான் போனது.

இந்த வேலையில் உண்மையான புதையல் ஒலிநாடாக்கள்தான். கேசட்டில் பாட்டு இரண்டு வினாடியில் அறுந்து அறிவிப்பாளர் குரல் வந்தால் நாடா கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மைக்கைத் திறந்தால் மட்டும் ஓடும்படி இணைத்த ரெக்கார்டரில் பதிந்தது அது. பாட்டு இல்லாவிட்டாலும் வானிலை, கடை விளம்பரம், இரவு நேரக் குரல் என்று ஊரே அதில் இருக்கும்.

ரீல் டேப் கிறீச்சிட்டு, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் பிசின் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். 1970, 80களின் பாலியெஸ்டர் நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளை ஒட்டிவைக்கும் பசையான பைண்டர் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் நகலெடுத்துவிட வேண்டும். சமையல் ஓவனில் வெப்பம் ஏறி இறங்கும், உணவு உலர்த்தும் பெட்டியே மேல். அதற்கு முன் ரீலை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சுற்றுகளின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அது பாலியெஸ்டர் அல்ல, அசிடேட் என்ற பழைய வகை நாடா. அதைச் சூடாக்கவே கூடாது, பாழாகிவிடும்.