மருத்துவர் பதில்: ‘அவள் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை’

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். பர்மாவில், பெகுவில் டீக்கடை வைத்திருக்கிறேன். வீடு கடைக்குப் பின்னாலேயே. எனக்கு 49 வயது, வீட்டுக்காரிக்கு 44. குளிக்கும்போது இடது மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் சொன்னது ஒன்றரை மாதம் கழித்துத்தான். ரங்கூனில் புற்று என்று சொல்லி ஆபரேஷன் செய்து மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்களாம். இப்போது 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். ஒன்று முடிந்திருக்கிறது. அம்மா அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார். முட்டை, கோழி, மீன் கூடாது என்கிறார். கத்தி பட்டால் பரவும், ஆபரேஷனே செய்திருக்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். ரங்கூனில் தையல் ஃபேக்டரியில் இருந்த 19 வயது மகள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். நான் அறைக்குள் போனால் வீட்டுக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். தைரியம் சொன்னால் கோபம் வருகிறது. புண்ணை அவள் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குனியில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள், விடலாமா? மகளுக்கும் இது வருமா? ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பதைத் தவிர நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவசரம் அதற்குத்தான். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள். கீமோ மருந்து ஏறியபின் ஏறக்குறைய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்து கிடக்கும். மற்ற நாளில் தும்மலோடு போகிற கிருமிகூட அந்த நாட்களில் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், அதாவது 38 செல்சியஸ், உடனே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குளிர் நடுக்கம் வந்தாலும், காய்ச்சலே இல்லாமல் ஆள் துவண்டு போனாலும் அப்படியே. ரங்கூன் ஐம்பது மைல். ராத்திரி அந்த ரோட்டில் கிளம்ப நினைக்காதீர்கள். ஊர் ஆஸ்பத்திரியிலேயே முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியைப் போடச் சொல்லுங்கள், பிறகு ரங்கூன் டாக்டரிடம் போனில் பேசலாம். “கீமோ நடக்கிறது, கடைசி மருந்து இன்ன தேதியில் ஏறியது” என்று வாசலிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் வண்டி எடுப்பார்கள் என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

தேதிகளை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடையில் கடன் நோட்டு இருக்கும் அல்லவா, அது மாதிரி ஒன்று போடுங்கள். மருந்து ஏறிய தேதி, காலையும் மாலையும் சூடு எவ்வளவு, என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வாந்தி, வெளிக்குப் போனாரா. அடுத்த மருந்துக்குப் போகும்போது அந்த நோட்டை டாக்டர் முன்னால் வைத்தால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில்.

நோட்டு என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். நான் வார்டில் இருந்த காலத்தில் சிரியத்திலிருந்து வந்த மீன் வியாபாரி. அவர் மனைவிக்கும் இதே ஆபரேஷன், அந்த அம்மாவும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இடுப்பில் தொங்குகிற வடிகுழாய் பாட்டிலில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுகிற வேலையை நர்ஸ் இவரிடம் கொடுத்தார். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் மனிதர் குந்தி உட்கார்ந்து, பாட்டிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மீன் கணக்கு எழுதுகிற நோட்டில் 80, 70, 65 என்று போட்டுக்கொண்டு வருவார். நாலாம் நாள் கட்டிலில் இருந்து குரல் வந்தது: “அது அறுபத்தஞ்சு இல்லீங்க, ஐம்பத்தஞ்சு. கண்ணாடியைப் போட்டுப் பாருங்க.” ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அம்மா புருஷனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னார். ஒரு நாள் கணக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் குழாயை எடுத்தோம். பரீட்சையில் பாஸான மாதிரி நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

உங்கள் வீட்டிலும் பேச்சு அந்த மாதிரி ஒரு வேலை வழியாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். “ஒன்றும் ஆகாது, தைரியமா இரு” என்பதை நிறுத்திவிடுங்கள். அதைச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஏற்கெனவே ஆகிவிட்டதே. பயமாக இருக்கிறது என்று அவர் சொல்ல வருவதற்குள் நீங்கள் கதவைச் சாத்திவிடுகிறீர்கள். அதற்குப் பதில், “எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள்.

புண் விஷயம். கூச்சப்படுகிறாள் என்று நீங்கள் ஒதுங்கி நிற்கிறீர்கள். நீங்கள் ஒதுங்குவதைப் பார்த்து, அருவருப்பு போல என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். இப்படி இரண்டு பக்கமும் மரியாதையாக மௌனம் காத்து வருஷக்கணக்கில் போன வீடுகளை எனக்குத் தெரியும். காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். “கட்டு மாத்துறப்ப நான் கூட இருக்கட்டுமா?” என்று ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். பார்க்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகுமோ என்று உங்களுக்கே பயமிருந்தால், என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்: தட்டையான நெஞ்சில் குறுக்கே ஒரு நீளத் தையல் கோடு, முதலில் சிவந்து தடித்து, மாதங்கள் போகப் போக வெளிறும். அவ்வளவுதான். அந்த இடம் மரத்த மாதிரி இருக்கும், சில சமயம் இல்லாத மார்பே வலிக்கிற மாதிரி தோன்றும். அவர் அப்படிச் சொன்னால் பைத்தியமா என்று கேட்காதீர்கள், நரம்பு செய்கிற வேலை அது. தாவணித் துணியைப் பஞ்சு வைத்துத் தைத்து உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம். தையல் தெரிந்த மகள் வீட்டில் இருக்கிறாளே, ஒரு மத்தியானத்தில் தைத்துவிடுவாள்.

ஒரே அறையில் படுக்கலாம், அணைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் மடியில் படுக்கலாம். இது ஒட்டுகிற நோய் இல்லை. மருந்து ஏறிய முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் அதன் மிச்சம் சிறுநீரிலும் வாந்தியிலும் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யும்போது கையுறை போட்டுக்கொண்டு, கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏற்றியிருந்தால் ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பதற வேண்டாம். கணவன் மனைவி உறவுக்கும் தடை இல்லை, அவருக்கு மனமும் தெம்பும் இருந்தால். ஆனால் இந்தச் சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் கூடவே கூடாது, ஆணுறை அவசியம். மாதவிலக்கு நின்றதுபோல் தெரிந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். இதைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் கடிதத்தில் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

தனி டம்ளருக்கு ஒரு வழி சொல்கிறேன். அம்மாவோடு சண்டை போடாதீர்கள். நாளைக் காலையில் அம்மா பார்க்க அந்த டம்ளரை எடுத்து நீங்கள் டீ குடியுங்கள். டீக்கடைக்காரர் குடிக்கிற டம்ளரை யார் ஒதுக்கி வைப்பார்கள்? கத்தி பட்டால் பரவும் என்கிற பேச்சும் உண்மையில்லை. முற்றிய பிறகு ஆபரேஷனுக்கு வந்தவர்கள் பிழைக்காமல் போனதைப் பார்த்து வந்த பயம் அது. பழி கத்தி மேல் விழுந்துவிட்டது, காரணம் தாமதம். ஒன்றரை மாதம் சொல்லாமல் இருந்தாள் என்று அவர் மேல் மனத்தாங்கல் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். செலவை நினைத்துச் சொல்லாமல் இருந்திருப்பார்.

சாப்பாட்டில் அம்மா சொல்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். அறுத்த உடம்பு ஆறவும் அணுக்கள் திரும்ப ஊறவும் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, எல்லாம் நன்றாக வெந்ததாக. உங்கள் ஆட்டுக்கால் சூப் நாக்குக்கு நல்லது, ஆனால் அந்தத் தண்ணீரில் புரதம் கொஞ்சம்தான், கறியையும் சாப்பிடச் சொல்லுங்கள். மீன் சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸை வீட்டில் காய்ச்சிச் சுடச்சுடக் கொடுக்கலாம். பச்சை முட்டைக்கோஸ் போட்ட லப்பெத் தேயிலைச் சாலட், தெருவோர அத்தோ நூடுல்ஸ், வேகவைக்காத ஙப்பி மீன் விழுது எல்லாம் கீமோ முடிகிறவரை வேண்டாம். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கடையில் ஈச்சாகுவே மாவுப் பலகாரம் பொரிக்கிற எண்ணெய் வாசனை பின்னால் அறைக்குள் வருகிறதா? வரும். குமட்டலுக்கு மருந்தைவிட முதலில் அந்த வாசனையை மாற்றுங்கள். முதல் நாலைந்து நாளைக்குப் படுக்கையை முன் பக்கமோ மாடியிலோ போடுங்கள். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு கொடுக்காமல், சொல்லியிருக்கிற நேரத்துக்கு முன்கூட்டியே கொடுங்கள். வாய்ப்புண் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். யாராவது கொண்டுவருகிற வேர், லேகியம், பொடி எதுவானாலும் கீமோ டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். ஈரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

முதல் மருந்துக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாகப் பார்ப்பதற்கு முன்னால் குட்டையாக வெட்டிக்கொள்ளலாமா என்று அவரையே கேளுங்கள். சிகிச்சை முடிந்து சில மாதத்தில் திரும்ப முளைக்கும்.

இடது கையைப் பற்றி ஒரு வார்த்தை. அக்குள் நெறிகளை எடுத்ததால் அந்தக் கையில் நீர் கோத்து வீங்க வாய்ப்பு உண்டு, வருஷங்கள் கழித்தும் வரலாம். இரத்தம் எடுப்பது, ஊசி போடுவது எல்லாம் முடிந்தவரை வலது கையில். கொசுக்கடி, கத்தி வெட்டு, அடுப்புச் சூடு படாமல் பார்த்துக்கொள்ளட்டும். கை சிவந்து சூடாகி வீங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும். அதற்காகக் கையைத் தூளி கட்டி வைக்கவும் கூடாது, தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களால் மேலே மேலே ஏறுகிற பயிற்சியைத் தினமும் செய்யட்டும். ஏறிய இடத்தில் சாக்பீஸால் நீங்கள் கோடு போட்டு வாருங்கள்.

மகள் விஷயம். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் மார்பகப் புற்று பரம்பரை மரபணுவால் வருகிறது. தாய் வழியில் மட்டுமல்ல, தகப்பன் வழியிலும் அந்த மரபணு இறங்கும். அதனால் இரண்டு பக்கத்திலும் மார்பிலோ சினைப்பையிலோ புற்று வந்தவர்கள் யார் யார் என்று பெரியவர்களிடம் விசாரித்து நோட்டில் எழுதுங்கள். மகளுக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை. அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், அதாவது 34 வாக்கில், வருஷப் பரிசோதனை தொடங்குவது வழக்கம். உங்கள் மனைவிக்கு நாற்பது தாண்டிய அக்கா தங்கை இருந்தால் அவர்கள் இப்போதே மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுக்கட்டும். இன்னொன்று, என் சொந்த அபிப்பிராயம்: அந்தப் பெண்ணை வேலைக்குத் திருப்பி அனுப்புங்கள். தன்னால் மகள் வேலை போயிற்று என்ற நினைப்பும் சேர்ந்துதான் உங்கள் மனைவி சுவரைப் பார்க்கிறார் என்று சந்தேகப்படுகிறேன். மருந்து ஏறுகிற வாரம் லீவு போட்டு வந்தால் போதும்.

தீமிதி இந்த வருஷம் வேண்டாம். வெள்ளையணு குறைந்த உடம்பில் கொப்புளம் ஒன்று போதும், கிருமி நுழைய. சிவப்பு மருந்துக்குப் பிறகு பல பேருக்கு வேறொரு மருந்துக்கு மாற்றுவார்கள். அதில் பாதம் மரத்துப்போகலாம், அப்போது நெருப்பு சுடுவதே தெரியாது. நேர்த்திக்கடன் போய்விடுமோ என்று அவர் அழலாம். தெரிந்த வாடிக்கையாளருக்கு நீங்களே தவணை கொடுக்கிறீர்கள், அம்மன் கொடுக்க மாட்டாளா? அவர் பேரைச் சொல்லி நீங்கள் இறங்கலாம். ஆனால் அதற்கு முன் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூட்ட நெரிசலுக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள்.

கீமோவுக்குப் பிறகு ரேடியேஷன் (கதிர் சிகிச்சை) சொன்னால் மூன்று முதல் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ரங்கூனில் தங்க வேண்டிவரும். சொந்தக்காரர்களில் இப்போது அதிகம் பேசுகிறவர் யாரோ, அவர் வீட்டில் இடம் கேளுங்கள். கதிர் படுகிற இடத்தில் தனக்கா மரப்பட்டை விழுது பூசக் கூடாது.

அடுத்த தடவை ரங்கூன் போகும்போது பயாப்சி (கட்டித் துணுக்குச் சோதனை) ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்ற மூன்று வரிகளில் என்ன போட்டிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டு அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் ஒன்று பாஸிட்டிவ் என்றாலும், எல்லாம் முடிந்த பிறகு தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து வருஷம் சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்துகிறவர்கள் நிறைய. அந்த மூன்று வரியையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.