பிசிறு வெட்ட வருகிற பிள்ளை

கேள்வி: பல்லடம் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 11 வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எமிஸ் (கல்வித் துறையின் இணையதளம்) பதிவு, பயிற்சி, கணக்கெடுப்பு என்று பாடம் நடத்தவே நேரமில்லை. ஏழாவது வந்தும் வகுத்தல் தெரியாத பிள்ளைகள். தமிழே பேச வராத பீகார், ஒடிசா பிள்ளைகள் வேறு. பனியன் செக்கிங் யூனிட் நடத்தும் வீட்டுக்காரர், "வேலையை விட்டுட்டு வந்து கணக்கு வழக்கைப் பாரு" என்கிறார். அவருக்கும் ஆள் கிடைப்பதில்லை. என்னிடம் எட்டாவது படிக்கும் பிள்ளை ஒருத்திகூட அவள் அம்மாவோடு அங்கே பிசிறு (தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்) வெட்ட வருகிறாள். இந்த வேலையில் நிம்மதியும் இல்லை, மரியாதையும் இல்லை. விட்டுவிடலாமா?

- பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்: அம்மிணி, எமிஸ் புலம்பலோடு எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. அதெல்லாம் நிஜம்தான், ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் திரும்பத் திரும்பப் படித்தது பிசிறு வெட்டும் அந்தப் பிள்ளையைப் பற்றிய ஒரு வரியை. ஆள் பஞ்சத்துக்குச் சாட்சி சொல்வதுபோல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

எட்டாவது என்றால் 13 வயது. லீவு நாளில் மட்டும் வருகிறாளா, பள்ளி நாளிலுமா? அதை நீங்கள் எழுதவில்லை. பள்ளி நாளிலும் என்றால், காலையில் செல்போனில் அவளுக்கு ஆப்சென்ட் போடுவது நீங்கள், சனிக்கிழமை சம்பளம் கொடுப்பது உங்கள் வீட்டுக்காரர். வெட்கப்பட வேண்டிய விஷயம் இது. 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016-இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். மீறினால் 2 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக ஒத்தாசை செய்யலாம் என்ற சலுகை இங்கே பொருந்தாது, உங்கள் யூனிட் அவள் குடும்பத் தொழில் இல்லை.

சட்டத்தை விடுங்கள். இது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? முதலில் லீவு நாளில் பிசிறு. அப்புறம் ஆர்டர் அவசரம் என்று ரெண்டு நாள் மட்டம். காசு பார்த்த கை டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்குப் போகும், ஓவர்லாக் தையல் மெஷின் பழகும். உங்கள் பள்ளியோ எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி தேட வேண்டிய அந்த இடத்தில்தான் இந்தப் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்.

மரியாதை இல்லை என்கிறீர்கள். "டீச்சர் வீட்டுக் கம்பெனிதானே, பயமில்லை" என்கிற நம்பிக்கை இல்லாமலா அந்தத் தாய் மகளைக் கூட்டி வந்திருப்பாள்? இதைவிட என்ன மரியாதை வேண்டும்? அந்த நம்பிக்கையை வைத்துத்தான் உங்கள் வீட்டில் சரக்கு கட்டுகிறார்கள்.

புருஷன் தொழிலுக்குத் தோள் கொடுப்பது பெண்டாட்டியின் கடமை என்று நம்புகிறவள் நான். ராத்திரி உட்கார்ந்து கணக்கு எழுதிக் கொடுங்கள். ஆனால் இன்றைக்கே அவரிடம் சொல்லி அந்தப் பிள்ளையை நிறுத்துங்கள். தாயை நிறுத்திவிடாதீர்கள், மகள் கொண்டுவந்த காசு நின்றால் அந்த வீட்டில் இடிக்கும், அதைத் தாயின் கூலியில் கூட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பாமல், நீங்களே கூடப் போய் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

வேலையை விடுவதைப் பற்றி அதற்கப்புறம் எழுதுங்கள், பேசலாம்.