அரசாங்க டெண்டரில் கரிமக் கணக்கு ஏன் கேட்கிறார்கள்?

பொருளோ சேவையோ தரும் நிறுவனம், தன் வேலையால் எவ்வளவு கரிமம் வெளியாகிறது, அதைக் குறைக்க என்ன செய்கிறது என்று எழுத்தில் சொல்வதுதான் பருவநிலைத் தகவல் வெளியீடு. பயப்பட வேண்டாம், கணக்கு கரண்ட் பில்லிலும் லாரி டீசல் ரசீதிலும்தான் தொடங்கும்.

ஏன் கேட்கிறார்கள்? அமைச்சு தன் அலுவலக ஏர்கானைக் குறைத்தால் மட்டும் போதாது. அது வாங்கும் சிமெண்ட் தயாரானபோது வந்த புகையிலும் அதற்குப் பங்கு உண்டு. கல்யாணத்துக்குக் கேட்டரிங் சொன்னால், மிஞ்சிய சோறும் பிளாஸ்டிக் தட்டும் விருந்து வைத்தவர் கணக்கில்தானே சேரும்!

சிங்கப்பூரில் 2024 நிதியாண்டு முதல் பெரிய கட்டுமான, தகவல் தொழில்நுட்ப டெண்டர்களில் மதிப்பீட்டுப் புள்ளிகளில் 5 விழுக்காடு வரை சுற்றுச்சூழலுக்கு ஒதுக்குகிறார்கள். இதனால் சிறு நிறுவனங்கள் எந்த டெண்டரும் போட முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, மீதிப் புள்ளிகள் விலைக்கும் தரத்துக்கும் இன்னும் இருக்கின்றன.