15 வருடம் தாண்டிய காருக்கு செராமிக் கோட்டிங் போடலாமா? பெயிண்ட் மங்கிவிட்டது, கடையில் போடச் சொல்கிறார்கள்.

செராமிக் கோட்டிங் என்பது பெயிண்டைக் காக்க அதன் மேல் பூசும் கண்ணாடி மாதிரியான படலம். அதைப் பூசுவது சில மணி நேர வேலை. அதற்கு முன்னால் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைப் போட்டு மெஷினில் தேய்ப்பார்களே, பழைய காருக்கு ஆபத்து அதில்தான். அந்தத் தேய்ப்பை உங்கள் பெயிண்ட் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

அப்பாவோ மாமனாரோ ஓட்டிய வண்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன். விற்க மனசு வராது, மங்கிப்போய் நிற்பதைப் பார்க்கவும் முடியாது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

எங்கள் வண்டி 1997 மாருதி 800, சிவப்பு. அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். 2003-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் கியர் மாற்றப் பழகியது அதில்தான். மலை குளிர்ச்சியாக இருக்கிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டோம். ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிட அதிகம். 2019-ல் பார்த்தால் பானெட்டும் கூரையும் சிவப்பு போய் ரோஸ் நிறமாகிவிட்டன. விரலை வைத்து இழுத்தால் சாக்பீஸ் மாதிரி ஒட்டியது.

அந்த வருடம் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு நம் வண்டிதான் போக வேண்டும் என்றார் அப்பா. சேலத்தில் ஒரு கடையில் விட்டேன். பாலிஷும் கோட்டிங்கும் சேர்த்து 14,000 ரூபாய் பேசினார்கள். சாயங்காலம் போனபோது தூரத்திலிருந்து பார்க்க வண்டி பளபளவென்றுதான் நின்றது. கிட்டே போனேன். பானெட்டின் ஓரம் மடிகிற இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் கோடு. மெஷின் சிவப்பைத் தின்று, அடிப்பூச்சான பிரைமர் வரை போயிருந்தது. அதன்மேல் வேறு ஒரு சிவப்பைப் பிரஷ்ஷால் தடவியும் வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "பழைய பெயிண்ட் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

அப்பா அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து இரண்டு தடவை தடவினார். "இனிமே வெளியே யாரும் கை வைக்க வேண்டாம் கண்ணு" என்றார். கல்யாணத்தன்று அந்த இடத்தில் சாமந்திச் சரத்தைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினோம்.

கடைக்காரர்கள் எல்லோரையும் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பெயிண்டின் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்து ஒவ்வொரு பானெலாக வைத்துப் பார்த்து, "இந்த இடத்தில் தேய்க்க முடியாது சார்" என்று சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கடையில் அந்த மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனி பெயிண்ட் மொத்தமே ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு ஏ4 தாளின் கனம். இத்தனை வருடத்தில் அதிலும் எவ்வளவு போயிருக்கிறதோ! மடிப்பு, ஓரம், விளிம்பு இங்கெல்லாம் பெயிண்ட் இன்னும் மெல்லிசு. அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மெஷினை எடுக்கிறார் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து, கண்ணுக்குப் படாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) இல்லாத பெயிண்ட். எங்களுடையது அதுதான். வெறும் அழுக்கு மட்டும் வந்தால் கிளியர் கோட் இருக்கிறது. அது தோல் உரிவது மாதிரி வெள்ளையாக உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. அந்த பானெலை மட்டும் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள், முழு வண்டிக்கும் வேண்டாம்.

அதற்கப்புறம் நானே கையால் செய்தேன், ஆறு ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறும் முன் ஷாம்பூ போட்டுக் கழுவுவேன். இப்போது நாங்கள் இருக்கும் சேலத்தில் எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர். அப்புறம் மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டு ஈரமான பெயிண்ட் மேல் மெதுவாகத் தடவிப் பார்ப்பேன். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். மலை இறங்கும்போது பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளும் அதில் சேர்த்தி. கிளே பாரை, அதாவது அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் மாதிரியான கட்டியை, ஷாம்பூ தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் ஓட்டினால் அது போய்விடும். பிறகுதான் பாலிஷ். ஒரு சாண் இடம், அது முடிந்த பிறகு அடுத்த சாண். துணி சிவப்பாவதைப் பார்த்து முதல் நாள் நெஞ்சு பதறியது. செத்த பெயிண்ட்தான் அப்படி வரும், பயப்பட வேண்டாம். ஆனால் சாக்பீஸ் மாதிரி வருவது நின்றதும் நீங்களும் கையை எடுத்துவிட வேண்டும். கடைசியாக மெழுகு. அதை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பூசுகிறேன். மூன்றாவது வாரம் கூரையில் மேகம் தெரிந்தது. அப்பா நாற்காலியை எடுத்து வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவிடம் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் வண்டியை உலர்வாகத் துடைப்பார். சேலத்தில் எங்கள் பக்கம் மேக்னசைட் என்கிற வெள்ளைக் கல் ஏற்றிய லாரிகள் போகும் ரோடு. அந்த வெள்ளைத் தூசி பெயிண்டைவிடக் கெட்டி. தண்ணீர் விடாமல் துடைத்தால் ஒவ்வொரு துகளும் ஒரு கீறல் போடும். வெயிலில் வட்டம் வட்டமாகத் தெரிகிறதே, அது இப்படித்தான் வருகிறது. அக்கறையோடு செய்கிறவரிடம் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது தூசியை முதலில் தண்ணீரால் தள்ளிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கிறார்.

ஏற்காடு மாதிரி பனி இறங்கும் இடத்தில் பாடி கவரையும் போடாதீர்கள். ஈரம் உள்ளேயே நிற்கும், காற்றில் கவர் உரசும். ஒரு தகரக் கூரை போதும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். ரப்பர் பீடிங்கைத் தூக்கிப் பாருங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

"லட்சம் ரூபாய் கூடப் பெறாத வண்டிக்கு இவ்வளவா?" என்று கமெண்டில் கேட்பீர்கள். எனக்கு வேறொரு ஆத்திரம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 15 வருடம் தாண்டினால் ஆர்.சி. புதுப்பிக்கக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது, எங்கள் வண்டிக்கு அந்த ஆகஸ்டில்தான் முறை வந்தது. இப்போது 20 வருடம் தாண்டிய கார் என்றால் 10,000. மாதம் 200 கிலோமீட்டர் கூட ஓடாத வண்டி, புகைச் சான்றிதழ் சரியாக இருக்கிறது, ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. ஆனாலும் புகை கக்கும் வண்டிக்கும் இதற்கும் ஒரே கட்டணம். வைத்துப் பராமரிக்கிறவனுக்கு ஏன் இந்தத் தண்டனை?

சரி, உங்கள் காருக்கு வருகிறேன். மீட்டரில் எல்லாப் பக்கமும் 100 மைக்ரான் அளவு காட்டி, கிளியர் கோட்டும் முழுசாக இருந்தால், மெல்லிய பாலிஷுக்குப் பிறகு கோட்டிங் போடலாம், தப்பில்லை. துணியில் நிறம் வந்தால் கோட்டிங் பேச்சை விட்டுவிட்டு மெழுகோடு நில்லுங்கள். எங்கள் பானெட்டில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பெயிண்டர் அண்ணன், கம்பெனி கலர் நம்பரைப் பார்த்துக் கலக்காமல் பானெலையே பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கலந்து தருகிறேன் என்றார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே யாரும் கை வைக்க வேண்டாம் என்பதில் அப்படியே நிற்கிறார்.